எல்லோருக்கும் கேட்ட ஹாரன்

அன்று காலை ஷிப்ட் தொடங்கும் முன் கிடங்கில் வண்டிகள் நிற்கும் இடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் என் தம்பி; எதிரே லேபிள் ஒட்டும் மேசையில் அவன் மனைவி; பக்கத்து வண்டியின் ஓட்டுநர், அவரை எல்லோரும் வாத்து என்று அழைப்பார்கள்; கையில் சோதனைத் தாளுடன் சூப்பர்வைசர் பெண்; சரக்கு ஏற்றக் காத்திருந்த, எங்களில் யாருக்கும் முன்பின் தெரியாத ஒரு லாரி டிரைவர்; சாவி ஜன்னலுக்குப் பின்னால் நான். வேறு யாரும் இல்லை. அங்கே இல்லாதவர்கள்தான் இப்போது அதிகம் பேசுகிறார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வண்டிச் சாவிகளைக் கொடுப்பதும் திரும்ப வாங்கி மாட்டுவதும் என் வேலை. சாவியை ஜன்னல் பலகையில் தூக்கிப் போட்டால் நான் தொட மாட்டேன். கையில் கொடுத்தால்தான் வாங்குவேன். புதிதாக வந்தவர்கள் ஒருமுறை போட்டுப் பார்ப்பார்கள். அதன் பிறகு போட மாட்டார்கள். கிடங்கில் எல்லோருக்கும் நான் அக்கா. என்னைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நான் மறுத்ததில்லை.

வீட்டிலும் நான்தான் மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் உண்டு. இரண்டாவது முறை கேட்டவர்கள் இல்லை. தம்பியை வளர்த்து ஆளாக்கியதும், பெண் பார்த்துக் கட்டி வைத்ததும் நான். அவர்களுடைய மகளுக்கும் கல்யாணமாகிவிட்டது. இப்போது மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே பேருந்தில் வந்து ஒரே கிடங்கில் வேலை பார்க்கிறோம்.

எங்கள் குடும்பத்தைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லும்படி நாங்கள் நடந்துகொண்டதில்லை. சொன்னதெல்லாம் அப்பாவைப் பற்றித்தான். அவருக்கு நடுவயதிலேயே காது போயிற்று. அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. தெருவில் அதை யாரும் பயன்படுத்தவில்லை. செவிடன் என்றார்கள். நான் செவிடன் மகள். கடையில் என் முறை வரும்போது, "செவிடன் பொண்ணு வந்திருக்கு, கொஞ்சம் கத்திச் சொல்லுங்க" என்பார்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்டது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அதே வயதில் அதுவே என் தம்பிக்கும் வந்தது. அதை நான் தெரிந்துகொண்ட விதம் எனக்கு உவப்பானதல்ல. இருந்தாலும் சொல்கிறேன்.

எங்கள் கிடங்கில் எந்த ஓட்டுநரும் சாவியை வாங்கியதும் வண்டியை எடுத்துவிட முடியாது. முதலில் வண்டியைச் சுற்றி வர வேண்டும். டயரில் வெட்டு இருக்கிறதா, சரக்கைத் தூக்கும் இரும்புக் கரங்களில் விரிசல் இருக்கிறதா, சங்கிலி தொய்ந்திருக்கிறதா, தரையில் ஆயில் சொட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். பிறகு ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டு, பிரேக், ஏற்றம், இறக்கம், ஹாரன், பின்னால் வரும்போது அடிக்கும் பீப் என்று ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்து, "ஓகே" என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னால் சூப்பர்வைசர் தாளில் குறித்துக்கொள்வார். உள்ளே சரக்கு அடுக்குகள் கூரை வரை நிற்கின்றன. மூலையில் திரும்பும்போது எதிரே ஆள் வருவது தெரியாது. ஹாரன் அடிக்காத வண்டியை அங்கே விடுவதும், கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதும் ஒன்றுதான்.

என் தம்பி ஹாரனை அழுத்தும்போதெல்லாம் எதிர் மேசையில் இருக்கும் அவன் மனைவி தலை நிமிர்ந்து அவனைப் பார்த்துச் சிரிப்பாள். பீப் அடிக்கும்போது நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்குவாள். அதைப் பார்த்த பிறகே அவன் "ஓகே" சொல்லுவான். இது தினமும் நடந்தது. கிடங்கே பார்த்தது. தம்பிக்கு மாப்பிள்ளை என்று பட்டப்பெயர் விழுந்தது.

"மாப்பிள்ளை ஹாரன் அடிச்சாச்சு, பொண்ணு சம்மதம் சொல்லியாச்சு," என்பார் வாத்து. "இனிமே நாங்க வேலையப் பார்க்கலாமா?"

எல்லோரும் சிரிப்பார்கள். நான் சாவிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருப்பேன். வரிசையாக இருந்தாலும் மறுபடி வரிசைப்படுத்துவேன்.

ஒரு மாலை, அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். "பேரன் பேத்தி எடுக்கப் போற வயசுல இது என்ன கூத்து? நாலு பேர் பார்த்துச் சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும் அண்ணி."

"நம்ம வீட்டுல யாரும் இப்படி நடந்ததில்ல."

அவள் குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டாள். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"அவருக்கு ஹாரன் கேக்கல அண்ணி. அடிச்சுதா இல்லையான்னு என் மூஞ்சியப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிறார்."

"எப்போலேருந்து?"

"எனக்குத் தெரிஞ்சு ரொம்ப நாளா. அவருக்குத் தெரிஞ்சு கொஞ்ச நாளா."

முன்னறையை எட்டிப் பார்த்தேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை, யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவன் செய்தி வாசிப்பவரின் வாயையே பார்த்துக்கொண்டு, புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"டாக்டர்கிட்ட போகலையா?"

"போனா எழுதிக் கொடுத்துடுவாங்க. வண்டியிலேருந்து இறக்கிடுவாங்க. அந்த வண்டிய விட்டா அவருக்கு என்ன இருக்கு, சொல்லுங்க. ஞாயித்துக்கெழமை சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட கை ரெண்டும் லிவரப் பிடிக்கிற மாதிரியே வெச்சிருக்கார்."

அதை நானும் பார்த்திருக்கிறேன். தூங்கும்போதும் அப்படித்தான்.

வெளியே தெரியக் கூடாது என்று நான் சொன்னேன். சிரிப்பது, முடியை ஒதுக்குவது எல்லாம் வேண்டாம், நாலு பேர் கவனிக்கிறார்கள், ஒருநாள் எவனாவது கண்டுபிடித்துவிடுவான் என்றேன். மேசையில் டேப் கட்டர் இடது பக்கம் இருக்குமல்லவா, ஹாரன் அடித்தால் அதை எடுத்து வலது பக்கம் வை, பீப் அடித்தால் திரும்ப இடது பக்கம் வை, அவன் அதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றேன்.

"சிரிக்கக்கூடக் கூடாதா?"

"வீட்டுல சிரி. யார் வேண்டாம்னா?"

அன்று சாப்பிடும்போது தம்பி தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். "அக்கா, உனக்குத் தெரிஞ்சுடுச்சா?" என்றான், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் அளவில்.

"என்ன தெரியணும்? சாப்பிடு," என்றேன். வாயை நன்றாக அசைத்துச் சொன்னேன். அதற்குப் பிறகு அவனிடம் நான் எப்போதும் முகத்துக்கு நேரே நின்றுதான் பேசினேன். அவன் அதைக் கவனித்தான்.

டேப் கட்டர் ஏற்பாடு சில வாரங்கள் சரியாகவே நடந்தது. கேலியும் குறைந்தது. "என்ன மாப்பிள்ளை, வீட்டுல சண்டையா? பொண்ணு நிமிர்ந்தே பார்க்க மாட்டேங்குது," என்று வாத்து மட்டும் வருத்தமாகக் கேட்டார்.

அந்த வாத்துதான் ஒருநாள் அடுக்குகளுக்கு நடுவே தம்பியின் வண்டிக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டார். முழங்கால் பழுதானவர், ஆடி ஆடித்தான் நடப்பார், சட்டென்று விலக முடியாது. தம்பி வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டே வந்திருக்கிறான். கண்ணாடியில் வாத்தின் கை தெரிந்த பிறகுதான் நிறுத்தியிருக்கிறான். வாத்து ஒரு புகாரும் செய்யவில்லை. "உன் வண்டிக்கு என்மேல ஒரு கண்ணுடா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தம்பி அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். தலைவலி என்றான்.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

நான் சாவி கொடுத்தேன். தம்பி வண்டியைச் சுற்றி வந்தான், குனிந்தான், நிமிர்ந்தான், ஏறினான். சூப்பர்வைசர் தாளோடு நின்றாள். அவள் சின்ன வயதுக்காரி, இங்கே சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. ஆனால் எழுத வேண்டியதைப் பார்த்துத்தான் எழுதுவாள். பிரேக் ஓகே, ஏற்றம் ஓகே, இறக்கம் ஓகே என்று வந்தது. பக்கத்து வண்டிக்கு அடியில் தலையைக் கொடுத்து வாத்து ஆயில் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் அந்த லாரி டிரைவர் ஒரு கத்தைத் தாளோடு லேபிள் மேசைக்கு வந்தார். காற்றில் தாள்கள் பறக்கப் பார்த்தன. தம்பி மனைவி இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. கையிலிருந்த டேப் கட்டரைச் சட்டென்று கீழே வைத்தாள். வலது பக்கம் வைத்தாள்.

தம்பியின் கட்டைவிரல் ஹாரனில் இருந்தது.

"ஹாரன் ஓகே," என்று உரக்கச் சொன்னான்.

ஹாரன் அடிக்கவே இல்லை. ஒயர் கழன்றிருந்தது என்று பின்னால் தெரிந்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு சத்தமும் வராத இடத்தைப் பார்த்து ஒரு மனிதன் சத்தம் வந்தது என்கிறான் என்பதுதான்.

சூப்பர்வைசரின் பேனா நின்றது. "அண்ணா, ஹாரன் கேக்கலையே."

அவன் மேசையைப் பார்த்தபடியே அடுத்ததற்குப் போகத் தயாரானான். அவன் மனைவி கையில் தாள்களோடு அப்படியே நின்றாள். தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

வண்டிக்கு அடியிலிருந்து வாத்தின் குரல் வந்தது. "கேட்டுச்சே."

"நீங்க வண்டிக்கு அடியில இருக்கீங்க."

"அடியில இருக்கிறதாலதான் மேடம் நல்லா கேட்டுச்சு," என்றபடி அவர் வெளியே வந்தார். நெற்றியில் ஆயில் கறை. முகத்தைப் பச்சைப்பிள்ளை போல வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

"எனக்கும் கேட்டுச்சு மேடம்," என்றாள் தம்பி மனைவி. தாள்கள் அவள் கையில் படபடத்தன; அப்போது காற்று இல்லை.

லாரி டிரைவர் அவள் கையைப் பார்த்தார், வண்டி மேல் இருந்தவனைப் பார்த்தார். அவரை யாரும் கேட்கவில்லை. "எனக்கும் கேட்டுச்சுங்க," என்றார். "நல்ல ஹாரன். என் லாரிக்கே அப்படி இல்ல."

சூப்பர்வைசர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "அப்போ எனக்கு மட்டும்தான் கேக்கலையா?" கேலியாகக் கேட்கவில்லை, அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிறகு என் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க சொல்லுங்க. கேட்டுச்சா? நீங்க சொன்னா நான் எழுதிடறேன்."

தம்பி எங்கள் உதடுகளையும் முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். வாத்து என்ன சொன்னார், மனைவி என்ன சொன்னாள், முன்பின் தெரியாத அந்த மனிதர் என்ன சொன்னார், எல்லாம் அவனுக்குப் புரிந்துவிட்டது. சூப்பர்வைசரின் கண்கள் போன வழியே அவன் கண்களும் வந்து என்மேல் நின்றன. நான் வாயெடுத்தேன்.

வண்டியை அணைத்தான். பெல்ட்டைக் கழற்றினான். விதிப்படி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, வண்டியைப் பார்த்தபடி இறங்கினான்.

"அக்காவ விட்டுடுங்க மேடம்," என்றான். கத்தித்தான் சொன்னான், ஆனால் கோபமில்லை. "அவங்களுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல. இந்த வயசுல என்னால பழக வேண்டாம். ஹாரன் அடிக்கலைன்னு நெனக்கிறேன். அடிச்சிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது."

அவன் வாத்தின் பக்கம் திரும்பினான்.

"அன்னிக்கு நீ கத்தினியாடா?"

"லேசா," என்றார் வாத்து. கையால் கொஞ்சம் என்று காட்டினார்.

"பொய் சொல்லாத."

வாத்து கையை இறக்கிக்கொண்டார். அவர் முகமே பதில் சொல்லிவிட்டது.

"உன்ன இடிக்க வந்தவன் நான். எனக்காக நீ பொய் சொல்ற."

"இடிக்கலையேடா."

"நாளைக்கு இடிப்பேன்டா. நீயா இல்லாட்டி வேற யாரோ. அவங்க கத்துவாங்க, நான் பின்னால வந்துக்கிட்டே இருப்பேன்."

இதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் இறங்கியது. என் தம்பியின் மெல்லிய குரலை நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

அந்தச் சூப்பர்வைசர் பெண் செய்ததை நான் இங்கே பதிவு செய்ய வேண்டும். அவள் கத்தவில்லை. எங்கள் அப்பாவிடம் வாழ்நாள் முழுவதும் எல்லோரும் கத்தினார்கள். அவர் முன்னால் வந்து நின்று பேசியவர் ஒருவரும் இல்லை. அவள் தாளை இடுக்கிக்கொண்டு, தம்பிக்கு நேர் எதிரே வந்து, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி நின்று, நிதானமாகப் பேசினாள்.

"அண்ணா, இந்த வண்டிக்குச் சிவப்புச் சீட்டு கட்டணும். ஓட்டக் கூடாதுன்னு. உங்களுக்குக் கட்ட மாட்டேன். டாக்டர்கிட்ட போலாம், நானும் கூட வரேன். சரியா?"

அவன் தலையாட்டினான். அவள் ஸ்டீயரிங்கில் சீட்டைக் கட்டும்போது முடிச்சு சரியாக விழவில்லை. அவனே கை நீட்டி இறுக்கிக் கொடுத்தான்.

தம்பி மனைவி ஒரு அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். லாரி டிரைவர் என்ன செய்வதென்று தெரியாமல் அவளுடைய தாள்களைப் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பி போய் அவள் முன்னால் குந்தினான்.

"எதுக்கு அழற?"

"நான் தப்பா வெச்சுட்டேன்."

"டேப்பதான மாத்தி வெச்ச. என்ன, என் தலைல ஒரு சரக்குப் பெட்டியையா வெச்ச?"

"பழையபடி சிரிச்சிருந்தா இது நடந்திருக்காது. சிரிப்பு தப்பா வராது."

இதை அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அதற்காக அவளை நான் மதிக்கிறேன்.

"அப்ப இப்ப சிரி," என்றான்.

"ஆள் இருக்காங்க."

"இருக்கட்டும்."

அவள் சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை. அது அவர்கள் விஷயம்.

டாக்டர் பார்த்தார். ஒரு காது முழுக்கப் போய்விட்டது, இன்னொன்றில் மிச்சம் இருக்கிறது, கருவி வைத்தால் கேட்கும் என்றார். வைத்திருக்கிறான். முதல் நாள் வீட்டுக்குள் நுழைந்ததும், "இந்தக் குழாய் இவ்வளவு நாளா சொட்டிக்கிட்டா இருக்கு?" என்று கேட்டான். சொட்டிக்கொண்டுதான் இருந்தது. அன்றே வாஷர் மாற்றினான். பேருந்தில் ஒருவர் அவன் காதையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வண்டி ஓட்டலாமா என்பதை அடுத்த பரிசோதனைக்குப் பிறகு சொல்வார்களாம். சொல்லாமலும் போகலாம். அதுவரை அவனுக்கு லேபிள் மேசையில் வேலை. லேபிளைக் கோணலாக ஒட்டுகிறான். அவன் அந்தப் பக்கம் போனதும் அவள் உரித்துவிட்டு நேராக ஒட்டுகிறாள். அவனுக்கு அது தெரியும். உரிக்கும் சத்தம் இப்போது கேட்கிறது. முதல் வாரம் அவன் வண்டிகள் நின்ற பக்கமே பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் வாத்து தன் ஹாரனை அழுத்திவிட்டு, "மாப்பிள்ளை, அடிச்சுதா?" என்று சும்மா கேட்டார். "உன் ஹாரன் உன்ன மாதிரியே கத்துது," என்றான் இவன். இப்போது அது தினமும் நடக்கிறது. ஓட்ட முடியாத வருத்தம் அவனுக்கு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கை இன்னும் லிவரைப் பிடிக்கிற மாதிரிதான் இருக்கிறது. ஆனால் இரவில் சாப்பிடுகிறான். படுத்ததும் தூங்குகிறான்.

கிடங்கில் ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. அங்கே இல்லாதவர்கள் பரப்பியது. அக்கா உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள், கூடப்பிறந்தவளே காட்டிக்கொடுக்கப் போகிறாள் என்று தெரிந்துதான் தம்பி முந்திக்கொண்டு இறங்கினான் என்கிறார்கள். சிலர் இதை எனக்குப் பெருமையாகவே சொல்கிறார்கள். நான் உண்மையைத்தான் சொல்லியிருப்பேன் என்று தம்பியும் நம்பிக்கொண்டிருக்கிறான்.

அது தவறு. கேட்டது என்று சொல்லத்தான் நான் வாயெடுத்தேன்.